பாம்பன் விளக்குப் பட்டறை: எதை வாங்கலாம், எதை விடலாம்

ராமேஸ்வரத்தில் சங்கு விளக்கும் சிப்பி விளக்கும் கடைக்குக் கடை தொங்குகின்றன. ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி. பாம்பன் ஊருக்குள் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் கிடைப்பது வேறு ரகம். படகுக்கு வேண்டிய இரும்பு வேலை, கதவு, கிரில் என்று வந்த வேலைகளுக்கு நடுவே, அங்கிருக்கும் அண்ணன் இந்தக் கரையின் பாலத்தையும் உப்பளத்தையும் பவளப்பாறையையும் மனதில் வைத்து விளக்குகள் செய்கிறார். சிலவற்றை வாங்கி மண்டபத்தில் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறோம், ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியது மேசை விளக்கு. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிட்ட பகுதி ஷெர்சர் வகையைச் சேர்ந்தது. அது கதவு மாதிரி கீலில் திரும்பியதில்லை. அடியில் பிறை போல் வளைந்த இரும்பு, தண்டவாளத்தின் மேல் பின்னோக்கி உருளும், உருள உருளப் பாலத்தின் கை மேலே எழும், பின்பக்கத்து எதிர் எடை பாரத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அவ்வளவு பெரிய இரும்பை ஆட்களே கையால் நெம்பித் திறக்க முடிந்தது. இந்த விளக்கின் கையும் அதே முறையில்தான் நகர்கிறது. ஸ்பிரிங் கிடையாது, திருகிற குமிழும் கிடையாது. ஒரு விரலால் தள்ளினால் உருண்டு எழும், விட்ட இடத்தில் நிற்கும். மொத்த எடையின் மையமும் அந்த வளைவின் மையமும் ஒரே புள்ளியில் விழுகிற மாதிரி எதிர் எடையைக் கடைந்து கடைந்து சரி செய்திருக்கிறார், வழுக்காமல் இருக்க அடிப்பட்டையில் சின்னச் சின்னப் பற்களும் வெட்டியிருக்கிறார். கையைக் குறுக்குப் பட்டைகள் வைத்துப் பின்னியிருப்பதால், விளக்கைப் போட்டதும் சுவரில் பாலத்துக் கம்பிகளின் நிழல் விழுகிறது. 4,200 ரூபாய். அந்த வேலைக்கு இது குறைவுதான்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தை வைத்தும் ஒன்று செய்திருக்கிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. நிஜப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து, அசையாத ஒரு சின்னப் பாலத்தைச் செய்து எல்இடி பட்டையை ஒட்டினால் அது ஷோகேஸ் பொம்மைதானே? கமுதி சோலார் பூங்காவை வைத்துச் செய்த சுவர் விளக்கும் அப்படித்தான்: நீலக் கட்டங்கள், கண்ணைக் கூசும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். படுக்கையறைக்கு ஆகவே ஆகாது. ஓர் இடத்தின் உருவத்தைப் பிடிப்பது எளிது, அங்கே வெளிச்சம் எப்படி விழுகிறது, இரும்பு எப்படி அசைகிறது என்று பிடிப்பதுதான் கஷ்டம், இவருக்கு அந்தக் கஷ்டமான வேலைதான் நன்றாக வருகிறது.

உப்பளப் பலகையைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பூச்சில் பாத்தி பாத்தியாக வரப்பு எடுத்து, விளிம்பில் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடியை மறைத்து வைத்திருக்கிறார். வெளிச்சம் பக்கவாட்டில் தவழ்ந்து வருவதால் ஒவ்வொரு வரப்புக்கும் நீளமான நிழல், வாலிநோக்கம் பக்கம் சாயங்கால வெயிலில் தெரிகிற மாதிரியே. மினுமினுப்புக்கு நிஜ உப்பு போட்டிருக்கலாமே என்று கேட்டேன். “தம்பி, நம்ம ஊரு ஈரத்துல உப்பு ஒரு வாரம் தாங்காது, வடிஞ்சிரும்” என்றார். உண்மைதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். அதனால் கண்ணாடித் தூள்தான் பதித்திருக்கிறார்.

பவளப்பாறை விளக்கில் பவளம் துளியும் இல்லை, இதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, எடுப்பதும் விற்பதும் குற்றம். இவர் மானாமதுரையிலிருந்து சுட்ட மண் கூடுகளை வரவழைக்கிறார். ஈரமாக இருக்கும்போதே துளை போட்டு வாங்கிவிடுவதால் ஓரங்கள் பிசிறில்லாமல் இருக்கின்றன. உள்ளே 5 வாட் பல்பு போதும்.

குறையும் உண்டு. வராந்தாவில் மாட்டிய தொங்கு விளக்கின் டிரைவர் (எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) கார்த்திகை மழையில் போய்விட்டது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பாசியாகக் களிம்பு. வீட்டுக்குள் மாட்டுகிற சாதாரண டிரைவரையே வெளி விளக்குக்கும் போட்டிருக்கிறார். காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், அது சரி, ஆனால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரத்தில் போடாதது தப்பு. பவுடர் கோட்டிங்கும் வெல்டு இணைப்புகளில் மெலிசாக இருக்கிறது, கச்சான் காற்று அடிக்கும் பக்கம் துரு எட்டிப் பார்க்கிறது. வெளியே மாட்டப் போகிறீர்கள் என்றால் உப்புக் காற்றைத் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள், விலை ஏறும், பரவாயில்லை.

இன்னொன்று. கடலைப் பார்த்த மொட்டைமாடிக்கு வரிசையாக விளக்கு கேட்டு வந்த ஒரு விடுதிக்காரரிடம், மேல்மூடி இல்லாமல் செய்து தர மாட்டேன் என்று இவர் பிடிவாதமாக நின்றதைப் பார்த்தேன். தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நினைத்து நகரும், கரையில் விளக்கு எரிந்தால் ஊருக்குள் வந்து சாகும். ஆர்டர் போனாலும் போகட்டும் என்று இருந்தார்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் படகு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ரெடியாக ரெண்டு மூணுதான் இருக்கும், மற்றதெல்லாம் சொல்லிச் செய்ய வேண்டும், மூன்று வாரம் என்பார், ஐந்து வாரம் ஆகும். மண் கூட்டை பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் வைக்கோல் சுற்றித் தரச் சொல்லுங்கள், கேட்டால்தான் தருவார்.