எல்டிசி2208 போர்டுடன் சில வருடங்கள்: சிதைவு எங்கிருந்து வந்தது, எதனால் குறைந்தது

எல்டிசி2208 ஏடிசி (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் சிப்) இருக்கும் ஒரு நேரடி சாம்ப்ளிங் ரிசீவர் போர்டை, அதாவது ஆன்டெனா சிக்னலை அப்படியே எண்களாக்கும் போர்டை, சில வருடங்களாகச் சென்னையில் சிற்றலை கேட்கவும் அமெச்சூர் ரேடியோவுக்கும் பயன்படுத்தி வருகிறேன். சிப் 16 பிட், நொடிக்கு 130 மில்லியன் சாம்பிள் வரை போகும். என்னுடைய போர்டு 122.88 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடுகிறது. சிப் அருமையானது. நான் பார்த்த சிதைவில், அதாவது பாகங்கள் சிக்னலின் வடிவை மாற்றுவதால் முளைக்கும் போலிச் சிக்னல்களில், பெரும்பகுதி அதற்கு முன்னாலும் பக்கத்திலும் இருக்கும் மலிவான பாகங்களிலிருந்து வந்ததுதான். அதனால் இதைவிட நல்ல ஏடிசி எது என்று கேட்பவர்களிடம், கையில் இருப்பதைச் சுற்றியுள்ளவற்றை முதலில் சரிசெய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

எது சிதைவு, எது சிதைவு மாதிரி தெரிவது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. 15 மீட்டர் பேண்டின் மேல் முனையில், 21.45 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், அகலமாக ஏதோ ஒன்று எந்நேரமும் உட்கார்ந்திருக்கும். 122.88-லிருந்து 101.4-ஐக் கழித்துப் பாருங்கள், 21.48 வரும். அதாவது 101.4-ல் இருக்கும் சென்னை எஃப்.எம். ரெயின்போ மடங்கி வந்து (கிளாக்கின் பாதிக்கு மேல் இருக்கும் சிக்னல், கிளாக்கிலிருந்து அதைக் கழித்த இடத்தில் தெரியும்) அங்கே விழுகிறது. இந்தச் சிப்பின் அனலாக் பேண்ட்விட்த் 700 மெகாஹெர்ட்ஸ், ஆகவே எஃப்.எம். பேண்ட் முழுவதும் தாராளமாக உள்ளே நுழைந்துவிடும், ஒருமுறை டிஜிட்டலாக மாறிவிட்டால் அதை எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது. ஆன்டெனாவுக்கும் போர்டுக்கும் நடுவில், 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக வெட்டும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போட்டதும் அது போய்விட்டது.

ஆனால் அந்த ஃபில்டரே சிதைவைக் கொண்டுவரலாம், இதைப் பலர் யோசிப்பதில்லை. எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டரின் மதிப்பு அதன் மேல் விழும் வோல்டேஜைப் பொறுத்து மாறும், சின்ன ஃபெரைட் கோர் இண்டக்டரும் கரண்ட் ஏறினால் அப்படித்தான். மதிப்பு மாறினால் ஹார்மோனிக் (சிக்னலின் அதிர்வெண்ணைப் போல இரண்டு, மூன்று மடங்கில் முளைக்கும் போலி) பிறக்கும். சிக்னல் போகும் பாதையில் சி0ஜி கெப்பாசிட்டர், காற்று கோர் இண்டக்டர், இவை போதும், விலையும் பெரிதில்லை. அப்புறம் மீடியம் வேவ். 720 கிலோஹெர்ட்ஸில் அகில இந்திய வானொலியின் சென்னை ஏ மாதிரி பலமான சிக்னல் வரும் இடத்தில் அதன் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக் 1440-லும் 2160-லும் முளைக்கும். 160 மீட்டர் பேண்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதை வெட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் ஏடிசி நிம்மதியாக மூச்சு விடும்.

அதிகம் கற்றுக்கொண்டது ஏடிசியின் இன்புட் கால்களை ஒட்டிய அரை சென்டிமீட்டர் இடத்தில்தான். உள்ளே இருக்கும் சாம்ப்ளிங் கெப்பாசிட்டர் ஒவ்வொரு முறை இணையும்போதும் கொஞ்சம் சார்ஜை வெளியே உதைக்கும். 122.88 மெகாஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் சுமார் 8.14 நானோ செகண்ட், அதில் பாதிக்குள், அதாவது ஏறக்குறைய 4 நானோ செகண்டுக்குள், அந்த அதிர்வு முழுக்க அடங்கியாக வேண்டும். அடங்காமல் மிச்சம் இருந்தால், அந்த மிச்சம் சிக்னலைப் பொறுத்து மாறுவதால் நேராக ஹார்மோனிக்காகத் தெரியும். இரண்டு இன்புட்டிலும் சின்ன சீரீஸ் ரெசிஸ்டர், கால்களுக்கு மிக அருகில் சில பிகோஃபாரட் கெப்பாசிட்டர், இந்த ஜோடிதான் மருந்து. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் நல்லது என்று தோன்றும். ஆனால் பெரிதாக்கினால் அடுத்த சாம்பிளுக்குள் அது மீள்வதில்லை, மூன்றாம் ஹார்மோனிக் ஏறுகிறது.

அதே இடத்தில், சிக்னலை இரு இன்புட்டுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் கவனிக்க வேண்டும். டிஃபரன்ஷியல் சிக்னலின் (எதிரெதிராக ஆடும் இரு கம்பிகளில் போகும் சிக்னல்) இரு பாதிகளும் அளவிலோ ஃபேஸிலோ சமமாக இல்லாவிட்டால், தானாக ரத்தாக வேண்டிய இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ரத்தாகாமல் நிற்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் இரண்டை அடுத்தடுத்து இணைத்ததில் என் போர்டில் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டாம் ஹார்மோனிக் கண்கூடாக இறங்கியது. இந்த ஒரு மாற்றத்தை மட்டுமாவது செய்யுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கிளாக் ஜிட்டர், அதாவது கிளாக் துடிப்புகளின் நேரத் தடுமாற்றம், ஹார்மோனிக்கைக் கூட்டாது, இரைச்சலைத்தான் கூட்டும், ஆனால் இரைச்சல் ஏறினால் மற்றதெல்லாம் வீண். 30 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு 1 பிகோ செகண்ட் ஜிட்டர் இருந்தாலே எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) சுமார் 74.5 டெசிபலைத் தாண்டாது. இந்தச் சிப்போ 78 டெசிபல் அளவுக்குத் தரக்கூடியது. எஃப்பிஜிஏ (ஏடிசி தரும் எண்களைக் கையாளும் டிஜிட்டல் சிப்) வழியாகச் சுற்றி வரும் கிளாக்கை ஏடிசிக்குக் கொடுக்கவே கூடாது. நல்ல கிரிஸ்டல் ஆசிலேட்டர், அதற்குத் தனியாக ஒரு குறைந்த இரைச்சல் ரெகுலேட்டர், குட்டையான பாதை, அவ்வளவுதான்.

சிப்பிலேயே இரண்டு வசதிகள் உண்டு, நிறைய பேர் தொடுவதே இல்லை. ஒன்று ரேண்டமைசர்: வெளியே போகும் மற்ற பிட்டுகளை எல்லாம் கடைசி பிட்டோடு எக்ஸ்-ஆர் செய்து (கடைசி பிட் 1 என்றால் மற்றவற்றைத் தலைகீழாக்கி) அனுப்பும், இதனால் டிஜிட்டல் பக்கத்துச் சலசலப்பு சிக்னலோடு ஒத்துப் போகாமல் சிதறிவிடும், மறுமுனையில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். இதை எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்று டிதர், வேண்டுமென்றே கலக்கும் சின்ன இரைச்சல். சின்ன சிக்னல்களில் தெரியும் போலிக் கோடுகளை அது கரைத்துவிடும், இரைச்சல் மட்டம் லேசாக ஏறும். நகரத்தில் ஆன்டெனாவை மாட்டியதும் வெளி இரைச்சலே டிதர் வேலையைச் செய்துவிடுவதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆன்டெனா இல்லாமல் மேசையில் அளவெடுக்கும்போது கட்டாயம் போடுங்கள்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு 3 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) போதும். அதை முன்னால் வைத்ததும் சந்தேகத்துக்குரிய சிக்னல் 3 டெசிபல் மட்டும் இறங்கினால் அது உண்மையாகவே வெளியிலிருந்து வருவது அல்லது மடங்கி வந்தது. 6 இறங்கினால் இரண்டாம் வரிசைச் சிதைவு (இரண்டாம் ஹார்மோனிக் மாதிரி), 9 என்றால் மூன்றாம் வரிசை. துளியும் இறங்காவிட்டால் போர்டுக்குள்ளேயே பிறப்பது, பவர் சப்ளையைத் தேடுங்கள். சிக்னல் ஜெனரேட்டர் வைத்து அளப்பவர்கள் அதற்குப் பின்னால் பேண்ட் பாஸ் ஃபில்டர் மாட்டாமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம், ஜெனரேட்டரின் சொந்த ஹார்மோனிக்கே ஏடிசியுடையதைவிடப் பெரிதாக இருக்கும்.

இப்போது மிச்சம் இருப்பது அந்த இறங்காத வகைக் கோடுகளில் சில. யுஎஸ்பி கேபிளில் ஃபெரைட் வளையம் போட்டதும் பாதிக்கு மேல் மறைந்தன. மீதி ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் வேலை என்று நினைக்கிறேன், அதை எடுத்துவிட்டு லீனியர் சப்ளைக்கு மாறப்போகிறேன். சூடு கொஞ்சம் ஏறும், சிப்பே 1.25 வாட் தின்னும் என்பதால் அதன் அடியில் இருக்கும் பேட் கிரவுண்டோடு முழுக்க சாலிடர் ஆகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவேன்.