அம்மாவின் முதியோர் இல்லச் சாப்பாடு: சிட்னியிலிருந்து சில வருட அனுபவம்

அம்மா சிட்னியின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் 2020 இலிருந்து இருக்கிறார். இல்லத்தின் பெயரை எழுதவில்லை. பராமரிப்பு, அறை, மருந்து பற்றியெல்லாம் இன்னொரு முறை பார்ப்போம். இங்கே சாப்பாடு மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள். மதியம் அநேகமான இடங்களில் பரவாயில்லாமல்தான் இருக்கும். சமையல்காரர் நிற்பார், சூடாக இறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த மரக்கறி, பிறகு கஸ்டர்ட் என்று வரும். சுற்றிக் காட்டுகிறவர்களும் அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்வார்கள். பின்னேரம் சமையல்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். ஐந்து மணிக்கு மேசைக்கு வருவது பக்கெட் தூளில் கரைத்த சூப்பும் முக்கோணமாக வெட்டிய சான்ட்விச்சும். அதற்குப் பிறகு ஒரு தேத்தண்ணி, ஒரு பிஸ்கட். அடுத்தது காலை எட்டு மணிக்கு. நடுவில் பதினைந்து மணித்தியாலம்.

அம்மா வாழ்நாள் முழுக்க இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர். ஐந்து மணிக்கு அவருக்குப் பசியில்லை. பசிக்கிற நேரத்தில் சமையலறை பூட்டியிருந்தது. முதல் குளிர்காலத்தில் 46 கிலோவாக இருந்தவர் மூன்று மாதத்தில் 43 ஆனார். இந்த நாட்டில் திட்டமிடாமல் மூன்று மாதத்தில் 5 வீதமோ அதற்கு மேலோ எடை குறைந்தால் இல்லம் அதை அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். எடை குறைவைக் கணக்குக் காட்டுவது 2019 யூலையிலிருந்து கட்டாயம், 5 வீதம் என்ற அளவு 2021 யூலையிலிருந்து. ஆகவே மாதாமாதம் எடை பார்த்த பதிவு இல்லத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். நான் வாங்கிப் பார்த்தபோதுதான் இது வெறும் முதுமை இல்லை, இரவுப் பட்டினி என்று விளங்கியது.

இல்லம் முதலில் செய்தது, இனிப்பான சத்துப் பானம் ஒன்றை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது. அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். வைத்ததை யாரும் எழுதிவைக்கவில்லை, கொடுத்ததை மட்டும் எழுதினார்கள். இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தட்டு மேசைக்குப் போனது ஒரு கணக்கு, வயிற்றுக்குள் போனது வேறு கணக்கு.

பலன் தந்தது தயிர்ச்சோறு. 2021 ஒக்டோபரில் பி.எம்.ஜே. மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. விக்டோரியா மாநிலத்தில் 60 முதியோர் இல்லங்கள், 7,195 பேர், இரண்டு வருடம். பாதி இல்லங்களில் வழமையான சாப்பாடு, மற்றப் பாதியில் பால், யோகட், சீஸ் கூடுதலாக. கூடுதலாகக் கொடுத்த இல்லங்களில் எலும்பு முறிவு 33 வீதம் குறைந்தது, இடுப்பு எலும்பு முறிவு 46 வீதம் குறைந்தது, விழுவதுகூட 11 வீதம் குறைவு. கொடுத்தது மருந்தில்லை, கடையில் வாங்குகிற பாற்பொருள். அதை அச்செடுத்துக்கொண்டு போய் தாதியிடமும் ஊட்டச்சத்து நிபுணரிடமும் கொடுத்தேன். "அம்மாவுக்குச் சீஸ் பிடிக்காது, தயிர் பிடிக்கும். குழைந்த சோற்றில் முழு ஆடைப்பால் தயிர், கொஞ்சம் உப்பு, இரவு ஏழரைக்கு. இதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதுங்கள்" என்று கேட்டேன். வாயால் சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போகாது. திட்டத்தில் எழுதியதுதான் போகும்.

உடனே நடக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு விதி என்றார்கள். அது நியாயமான கவலை, சமைத்த சோறு வெளியில் கிடந்தால் கெடுதல் செய்யும். மதியம் வடித்த சோற்றை உடனே ஆறவைத்து, 5 பாகைக்குக் கீழே குளிரூட்டியில் திகதி எழுதி வைத்து, இரவில் நன்றாகச் சூடாக்கி, உண்ணும் பதத்துக்கு ஆறியதும் தயிர் சேர்ப்பது என்று முடிவானது. மாடியில் இருந்த சிறிய குளிரூட்டியும் மைக்ரோவேவும் போதும். அம்மாவின் எடை மெதுவாக 45 க்கு வந்து அங்கேயே நிற்கிறது.

கையால் சாப்பிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் முள்ளுக்கரண்டியைக் கொடுத்தால் கோப்பையில் பாதி மிஞ்சும். இரவில் வேலை செய்யும் நேபாளப் பெண் ஒருத்தி இதை யாரும் சொல்லாமலே கவனித்து, சாப்பாட்டுக்கு முன் அம்மாவின் கையைச் சூடான ஈரத் துணியால் துடைத்துவிட்டு கரண்டியை எடுத்துவிடுவாள். அவளுடைய வீட்டிலும் சோறு கையால்தான். அவள் வேலைக்கு வரும் நாட்களில் கோப்பை காலியாகத் திரும்பியது. அந்தப் பிள்ளைக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

2023 இல் அம்மாவுக்குச் சிறிய பக்கவாதம். விழுங்குவது கடினமானது. விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துவிட்டு 'லெவல் 5' என்று எழுதினார். அவுஸ்திரேலியா 2019 மே மாதத்திலிருந்து பின்பற்றும், உணவின் பதத்துக்கான சர்வதேச அளவுகோல் இது. லெவல் 5 என்றால் துண்டுகள் 4 மில்லிமீற்றருக்குள், ஈரமாக, நாக்கால் நசுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாண் கூடாது, ஆகவே சான்ட்விச் போயிற்று. உதிரிச் சோறும் கூடாது, பசை மாதிரி ஒட்டுவதும் கூடாது. சோறு குழைந்து, குழம்போடு சேர்ந்து இருக்க வேண்டும். புட்டு உதிரும், அதை வீட்டிலிருந்து கொண்டுபோவதை நிறுத்தினோம். சொதி விட்டுக் குழைத்த சோறும் பருப்பும் பூசணியும் சிகிச்சையாளரின் சோதனையில் தேறின. உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் எது சரிவரும் என்று சிகிச்சையாளரிடம் பாத்திரத்தோடு போய்க் காட்டுங்கள். சாப்பாட்டின் பெயரை மட்டும் கேட்டு அவர்களால் முடிவு செய்ய முடியாது, கரண்டியால் அழுத்திப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்கள்.

வெள்ளைக் கோப்பையில் தயிர்ச்சோறு அம்மாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீலக் கோப்பை வாங்கிக் கொடுத்தோம், அது சரியாயிற்று.

காசு விஷயம். 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இல்லங்கள் ஒருவருக்கு ஒரு நாள் உணவுப் பொருட்களுக்குச் சராசரியாக 6.08 டொலர் செலவழித்தது தெரியவந்தது. முதியோர் பராமரிப்புக்கான றோயல் கொமிஷனின் (அரச விசாரணைக்குழு) இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்த பிறகு, அந்த யூலையிலிருந்து அரசாங்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 டொலர் கூடுதலாகக் கொடுத்தது. அது சாப்பாட்டுக்கு மட்டுமான காசு இல்லை, சலவை, துப்புரவு எல்லாவற்றுக்கும் சேர்த்து. எங்கள் இல்லத்தில் அதற்குப் பிறகும் நீண்ட காலம் அதே பக்கெட் சூப். மாற்றம் வந்தது புதிய சமையல்காரர் வந்த பிறகுதான். தென் அவுஸ்திரேலியச் சமையல் வல்லுநர் மாகி பியரின் அறக்கட்டளை முதியோர் இல்லச் சமையல்காரர்களுக்கு நடத்தும் பயிற்சியை அவர் முடித்திருந்தார். இப்போது சூப் எலும்பு அவித்துச் செய்கிறார்கள், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்புச் சூப் தனியாக.

2025 நவம்பர் 1 இல் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டமும் புதிய தர விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஆறாவது விதி முழுக்கச் சாப்பாடு பற்றியது. மெனுவை அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து போட வேண்டும், சத்தான சிற்றுண்டியும் குடிக்க ஏதாவதும் எந்த நேரமும் கிடைக்க வேண்டும், வருகிறவர்களோடு சேர்ந்து சாப்பிட வாய்ப்பு இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. முன்பு கெஞ்சிக் கேட்டதை இப்போது விதி எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஆங்கிலம் கஷ்டம் என்றால் 131 450 இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவர் மூலம் முறைப்பாடு செய்யலாம்.

குறைகள் இன்னும் உண்டு. சனி, ஞாயிறில் ஏஜென்சி அனுப்பும் தற்காலிக ஆட்கள் வந்தால் ஏழரைச் சாப்பாடு ஆறு மணிக்கே போய்விடுகிறது, இல்லாவிட்டால் போவதே இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் சீஸ் போட்ட பாஸ்தா மட்டுந்தான் என்று சமையலறை இன்னும் நினைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானோ தங்கையோ இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கிறோம். அடுத்த மெனுக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமைப் பருப்பும் கீரையும், காலையில் குரக்கன் கஞ்சியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கஞ்சியின் தடிப்பைச் சிகிச்சையாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.