14 கோரும் 6 கோரும்: நான்கு வருடக் குடித்தனம்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய ஜியான் ப்ராசசர் வாங்கினேன். இன்டெல் ஜியான் இ5-2680 வி4. 2016-ல் சர்வர்களுக்காக வந்தது. 14 கோர், 28 த்ரெட், 35 எம்பி கேஷ். (கோர் என்பது ப்ராசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி. த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை, இங்கே கோருக்கு இரண்டு.) முதல் இரண்டரை வருடம் அதுதான் என் மேசைக் கணினி. அப்புறம் ஒரு கோர் ஐ5-12400 வாங்கினேன். 2022 ஜனவரியில் வந்த, எல்லாரும் வாங்குகிற சாதாரண ப்ராசசர். 6 கோர், 12 த்ரெட். இப்போது இரண்டும் என்னிடம் ஓடுகின்றன. "பழைய ஜியான் வாங்கலாமா?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. இந்த முறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

இந்த ஜியான்கள் ஏன் இவ்வளவு மலிவு என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. டேட்டா சென்டர்களில் சர்வர்களைச் சில வருடங்களில் மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். இடமும் மின்சாரமும்தான் அவர்களுக்குப் பெரிய செலவு. வேகம் குறைந்த பழைய பெட்டியை வைத்திருப்பதே நட்டம். கழித்த பெட்டிகளிலிருந்து ப்ராசசர்களும் ரேமும் குவியல் குவியலாக வெளியே வருகின்றன. அவற்றைப் பொருத்த எல்ஜிஏ 2011-3 என்ற சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) கொண்ட மதர்போர்டு வேண்டும். அந்தக் காலத்துப் போர்டுகள் கிடைப்பது அரிது என்பதால், பழைய சிப்செட்டைக் கழற்றிப் புதுப் போர்டில் ஒட்டி விற்கிறார்கள். என்னுடையதும் அப்படி ஒன்றுதான். வரப்போகிற தலைவலிகளில் பாதிக்குக் காரணம் ப்ராசசர் இல்லை, அந்தப் போர்டு.

என் வேலை மென்பொருள் எழுதுவது. பெரிய சி++ ப்ராஜெக்ட் ஒன்றை நாளுக்குப் பத்துத் தடவையாவது பில்டு போடவேண்டும், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றவேண்டும். கூடவே மூன்று நான்கு விர்ச்சுவல் மெஷின்கள் (கணினிக்குள் ஓடும் கணினிகள்) ஓடும். இந்த வேலைக்கு 28 த்ரெட் என்று பார்த்ததும் ஆசை யாரை விட்டது? முதல் நாள் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, 28 கோடுகளும் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது.

அடுத்த வாரம் வேறொன்று கண்ணில் பட்டது. பில்டு ஓடும்போது 28 கோடுகளும் மேலே இருக்கும். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், தொகுத்த கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் தொடங்கும் அந்த நொடியில், 27 கோடுகள் பொத்தென்று விழுந்துவிடும். ஒன்று மட்டும் உச்சியில் நிற்கும். மற்ற 13 கோரும் கைகட்டி வேடிக்கை பார்க்க, அந்த ஒன்று தனியாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஒரு வரியைத் திருத்தினால் தொகுக்கவேண்டியது ஒரே ஒரு கோப்புதான். ஆனால் லிங்க் முழுவதும் மறுபடி நடந்தாகவேண்டும். என் நாளில் பெரும்பாலான பில்டுகள் இந்த ரகம். ஆக, நான் காத்திருந்ததெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டுக்காகத்தான்.

ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஆனால் திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் கைவேகம்தான் தேரின் வேகம். பிரித்துக் கொடுக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்தையும் கட்டிப்போடும். கணினித் துறையில் இதை ஆம்டால் விதி என்பார்கள். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். 14 கோர் போட்டால் ஒற்றைக் கோரைவிட 6 மடங்கு வேகம் கிடைக்கும், 14 மடங்கு இல்லை. 6 கோர் போட்டால் 4 மடங்கு. ஆனால் 12400-ன் ஒரு கோர், இந்த ஜியானின் ஒரு கோரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். நாலிரண்டு எட்டு. 6 கோர் ஜெயித்துவிட்டது.

இந்த இரண்டு மடங்குக்குக் காரணம் கிகாஹெர்ட்ஸ் மட்டும் இல்லை. ஜியானின் ஒற்றைக் கோர் டர்போ (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம்) 3.3, ஐ5-ன் டர்போ 4.4, அதில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். மிச்சமெல்லாம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில் இருக்கிறது. நடுவில் ஆறு வருடப் பொறியியல் ஓடியிருக்கிறதே.

எல்லாக் கோருக்கும் முழுத் தீனி கிடைக்கிற வேலையில் என்ன ஆகும்? பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் ஒரே காட்சியை இரண்டிலும் ரெண்டர் போட்டேன். ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடித்தன. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த 14 கோர், தன் சொந்த மைதானத்திலேயே சமன்தான் செய்தது. அதற்கப்புறம் ப்ரௌசர் திறப்பது, எடிட்டரில் தட்டத் தட்டப் பரிந்துரை வருவது போன்ற சின்ன விஷயங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜியானில் இதில் எல்லாம் ஒரு நூலிழைத் தாமதம் இருக்கும். எண்ணில் சொல்ல முடியாது, ஆனால் ஐ5-க்கு மாறிய அன்று விரல் உடனே கண்டுபிடித்துவிட்டது. விளையாட்டுகளும் சில வேகமான கோர்களையே நம்புவதால், அங்கேயும் ஜியானுக்கு வேலை இல்லை.

சரி, ஜியானில் நல்லதே இல்லையா? இருக்கிறது. ரேம்.

சர்வர்களிலிருந்து கழிக்கப்படும் ரெஜிஸ்டர்டு டிடிஆர்4 ரேம் சாதாரண போர்டுகளில் வேலை செய்யாது. ஸ்லாட்டில் என்னவோ கச்சிதமாக உட்காரும், போர்டுதான் எழுந்திருக்காது. நான் வாங்கியபோது அது வாங்க ஆளில்லாத சரக்கு என்பதால், ஜியான் வைத்திருந்தவர்களுக்கு யோகம். 32 ஜிபி குச்சி நான்கு வாங்கி 128 ஜிபி ஆக்கினேன்.

பொருத்திவிட்டுப் போட்டால் 96 ஜிபி என்று காட்டியது. ஒரு குச்சி பழுது என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். எந்தக் குச்சியைப் போட்டாலும் மூன்றாவது ஸ்லாட் மட்டும் காலி. அப்படியானால் குற்றவாளி குச்சி இல்லை. இந்த ப்ராசசரில் மெமரி கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிறது. ஒரு சேனலின் (ரேமுக்குப் போகும் பாதையின்) ஏதோ ஒரு கம்பி சாக்கெட்டில் தொடவில்லை என்றால் அந்தச் சேனலே மறைந்துவிடும். கூலரைக் கழற்றி, ப்ராசசரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். தங்க நிறப் புள்ளிகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய தீற்றல். முந்தைய வாழ்க்கையில் யாரோ அலட்சியமாகத் தடவிய தெர்மல் பேஸ்ட். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, வரிசை வரிசையாகத் துடைத்தேன். சாக்கெட்டின் பின்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல வேளை, எதுவும் வளைந்திருக்கவில்லை. மறுபடி பூட்டியதும் 128. பழைய ப்ராசசர் கைக்கு வந்தால், மாட்டுவதற்கு முன்பே அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அந்த ரேமில் இசிசி என்கிற பிழை திருத்தும் வசதி உண்டு. 64 பிட் தகவலுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு தவறினால் கண்டுபிடித்துச் சொல்லும். இதெல்லாம் வங்கிக்காரர்களுக்கு, நமக்கெதற்கு என்று இருந்தேன். இரண்டாவது வருடம் லினக்ஸ் லாக்கில் திருத்தப்பட்ட மெமரிப் பிழை என்று ஒரு வரி. அடுத்த வாரம் இன்னொன்று. சேனல் எண்ணையும் போட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அதே குச்சி. மாற்றினேன், வரிகள் நின்றன. சாதாரண ரேமாக இருந்திருந்தால் அந்தப் பிட் சத்தமில்லாமல் ஏதோ ஒரு கோப்பில் போய் உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில், இந்த வசதி இல்லாத ஐ5 மீது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

மெமரி அகலமும், அதாவது ரேமிலிருந்து நொடிக்கு எவ்வளவு தகவல் வரும் என்பதும், ஜியானுக்குச் சாதகம். நான்கு சேனல் டிடிஆர்4-2400 என்றால் காகிதத்தில் நொடிக்கு 76.8 ஜிபி. ஐ5-ல் இரண்டு சேனல் 3200 என்றால் 51.2. வீட்டில் ஏஐ மொழி மாடல் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் இதைச் சொல்லித்தான் ஜியான் வாங்குகிறார்கள். ஆனால் 40 ஜிபி மாடல் ஒவ்வொரு டோக்கனுக்கும் (ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) தன்னை முழுக்க ஒருமுறை படிக்கவேண்டும் என்றால், 76.8-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு இரண்டு டோக்கன்கூட வராது. ஓடும், அவ்வளவுதான்.

மின்சாரத்துக்கு வருகிறேன். எல்லாரும் ஜியான் 120 வாட், ஐ5 65 வாட் என்று டிடிபி எண்ணை (ப்ராசசருக்குக் கம்பெனி குறித்துத் தரும் வாட் அளவு) பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். 12400 முழு டர்போவில் 117 வாட் வரை போகலாம் என்று இன்டெலே எழுதியிருக்கிறது. ஆக, முழு வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சும்மா இருக்கும்போதுதான். சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஒன்றும் செய்யாமல் இருக்கையில் ஜியான் பெட்டி 75 வாட் பக்கம், ஐ5 பெட்டி 30 பக்கம். இதில் ஜியானுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்தி. அது இல்லாமல் திரையில் எழுத்தே வராது, ஐ5-ல் உள்ளேயே இருக்கிறது. 45 வாட், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான், அதுவும் யானை தூங்கும்போது.

தூங்கும்போது என்றேன், உண்மையில் அது தூங்கவே தூங்காது. ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பயாஸில் என்னென்னவோ மாற்றிப் பார்த்துவிட்டு ஸ்லீப்பையே அணைத்துவிட்டேன். முழுதாக அணைத்துப் போடலாம் என்றால், 128 ஜிபியையும் பரிசோதித்துவிட்டுத் திரை வருவதற்குள் பொறுமை போய்விடும். அதனால் அது பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. அந்த 10 மணி நேரம் பிறந்தது இப்படித்தான்.

விண்டோஸ் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ன் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்த ஜியான் இல்லை. சுற்றுவழியில் ஏற்றலாம், ஏற்றியவர்களும் இருக்கிறார்கள். அடுத்த பெரிய அப்டேட்டின்போது வயிற்றைக் கலக்கும். 2018-ல் வெளியான மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டையும் இந்தத் தலைமுறையில் உண்டு. இயங்குதளம் அதை மென்பொருளால் அடைக்கிறது, கொஞ்சம் வேகத்தைக் காவு வாங்கி. 12400-ல் அந்த ஓட்டை வன்பொருளிலேயே இல்லை.

"அப்படியானால் கோர் குறைவான, வேகம் அதிகமான ஜியான் வாங்கினால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இ5-1650 வி4 அப்படிப்பட்டது. 6 கோர், டர்போ 4.0. ஆனால் கோரும் 6, ஒவ்வொரு கோரும் 12400-ஐவிட மெதுவு என்றால், மிஞ்சுவது ரேமும் பிசிஐஇ லேன்களும் (கார்டும் டிஸ்க்கும் ப்ராசசரோடு பேசும் பாதைகள்) மட்டும்தான். அவை உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் ஏற்பாடு இப்படி. மேசையில் ஐ5, 32 ஜிபி ரேம். எழுதுவது, பில்டு, வீடியோ வெட்டுவது எல்லாம் அதில்தான். ஜியான் அடுத்த அறையில், திரையும் கீபோர்டும் இல்லாமல் நிற்கிறது. அந்தப் பெட்டிக்கு 40 பிசிஐஇ லேன் இருப்பதால் இரண்டு என்விஎம்இ டிஸ்க்கும் ஒரு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டும் நெரிசலில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. விர்ச்சுவல் மெஷின்கள், பேக்கப், ராத்திரி டெஸ்ட் ஓட்டங்கள் அங்கே நடக்கின்றன. ராத்திரி டெஸ்ட்டில் முந்நூறு சின்ன வேலைகள் தனித்தனியாக ஓடுகின்றன. எதுவும் எதற்காகவும் காத்திருக்காது. அங்கேதான் 28 கோடுகளும் விடியும்வரை கீழே இறங்காமல் நிற்கின்றன. அதன் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கிற ஆள் யாரும் இல்லை என்பதால், எனக்கும் அதற்கும் இப்போது எந்தச் சண்டையும் இல்லை.

புதிதாக ஒரே ஒரு கணினி வாங்குகிறவர் கேட்டால், ஐ5 அல்லது அதே ரக ஏஎம்டி ரைசன் என்பேன், யோசிக்காமல். ஏற்கெனவே ஒரு நல்ல கணினி இருந்து, 64 ஜிபிக்கு மேல் ரேம் கேட்கிற வேலையும் கழற்றி மாட்டுகிற பொறுமையும் இருப்பவருக்கு ஜியான் இன்னும் நல்ல சரக்குதான்.

போன மாதம் அதன் பயாஸ் பேட்டரி தீர்ந்து, நேரம் பல வருடம் பின்னால் போய், பேக்கப் எல்லாம் பழைய தேதியில் விழுந்திருந்தது. புது நாணய பேட்டரி போட்டு ஓடவிட்டிருக்கிறேன். போர்டு போகிற அன்றைக்கு ப்ராசசரையும் சேர்த்து விற்றுவிடுவதாக உத்தேசம். ரேமை மட்டும் யாராவது கேட்டால் கொடுக்கலாம்.