பீஸ் ரேட் சம்பளக் கணக்குக்கு டிபி2 கம்யூனிட்டி எடிஷன்: ஆறு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதறேன்

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு சம்பள சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கறதுதான் நம்ம பொழப்புங்க. டிபி2ங்கறது ஐபிஎம் கம்பெனியோட டேட்டாபேஸ், அதோட இலவசப் பதிப்புதான் கம்யூனிட்டி எடிஷன். போன வருசம் ஒரு கம்பெனில ஓவர்லாக் அடிக்கற அக்கா ஒருத்தங்க சீட்டைக் கொண்டாந்து, "ஏந்தம்பி, அட்வான்ஸ்ல வாரம் ஐநூறு புடிக்கறதாத்தான பேச்சு, இந்த வாரம் ஆயிரத்தி ஐநூறு போயிருக்குதே"ன்னு கேட்டாங்க. தேடிப் பார்த்தா, டேட்டாபேஸ்ல கூலி கணக்குப் போட்டு விடை குடுக்கற ஃபங்ஷன் தலைல 'ரீட்ஸ் எஸ்க்யூஎல் டேட்டா'ன்னு, அதாவது டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும்னு எழுதியிருக்கோம், ஆனா அது உள்ள கூப்புடற புரொசீஜர் (ஒரு வேலையைச் செஞ்சு முடிக்கற தனி புரோகிராம்) அட்வான்ஸ் டேபிளை அப்டேட் பண்ணிட்டு இருக்குது. சூப்பர்வைசர் ரிப்போர்ட்டை மூணு தடவை தொறந்திருக்காரு, மூணு தடவையும் புடிச்சிருச்சு. தப்பு எங்க பேர்லதான், ஆனா அது அவங்க வாரக் கூலிங்க, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

அப்ப நாங்க வெச்சிருந்த டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். அதுல 'ரீட்ஸ்' மாதிரி வார்த்தையெல்லாம் வெறும் அறிவிப்புதான், என்ன எழுதியிருக்கோ அதுபடிதான் நடக்கணும்னு சர்வர் தடுக்காது. அதுலயும் பைனரி லாக் (டேட்டா மாற்றங்களைப் பதிஞ்சு வெக்கற ஃபைல்) ஆன்ல இருந்தா, இந்த மாதிரி வார்த்தை எதுவும் போடாம ஃபங்ஷன் கிரியேட் பண்றப்ப 1418 எரர் வரும், அதைத் தாண்டறதுக்காகவே நிறையப் பேரு 'ரீட்ஸ்'னு ஒட்டிட்டுப் போயிடறோம், நானும் அப்படித்தான் ஒட்டுனேன்.

டிபி2ல அந்த வேலை நடக்காதுங்க. அதே ஃபங்ஷனைப் போட்டா, படிக்கறேன்னு சொல்லிட்டு உள்ள எழுதற புரொசீஜரைக் கூப்புடறியேன்னு கிரியேட் பண்றப்பவே நிறுத்திருது. சரி, ஃபங்ஷனையே 'மாடிஃபைஸ் எஸ்க்யூஎல் டேட்டா'ன்னு, அதாவது டேட்டாவை மாத்தும்னு மாத்திக்கலாம்னு பார்த்தா அதை ரிப்போர்ட் எடுக்கற செலக்ட் கட்டளைல கூப்புட முடியாது, காம்பவுண்ட் பிளாக்குக்குள்ள (பிகின்-எண்டுக்கு நடுவுல பல கட்டளை சேர்ந்த பகுதி) அசைன்மென்ட்டோட, அதாவது ஒரு மாறிக்கு மதிப்புக் குடுக்கற வரியோட, வலது பக்கம் தனியாத்தான் வரணும். ரிப்போர்ட் தொறந்தா காசு கழியற வழியே அடைபட்டுப் போச்சு, எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சது. புடித்தம் பண்றதைத் தனி புரொசீஜராக்கி 'சம்பளம் போடு' பட்டன்ல கட்டிட்டோம்.

கஷ்டமும் இருக்குங்க. ஒண்ணும் எழுதாம விட்டா எஸ்க்யூஎல் புரொசீஜருக்கு டீஃபால்ட் 'மாடிஃபைஸ்', ஃபங்ஷனுக்கு 'ரீட்ஸ்', அதனால சும்மா ரேட் மட்டும் படிக்கற புரொசீஜரா இருந்தாலும் 'ரீட்ஸ்'னு லேபிள் போட மறந்துட்டா ஃபங்ஷன் அதைக் கூப்புட முடியாது. நாங்க அடியில இருக்கற புரொசீஜர்ல ஆரம்பிச்சு மேல மேல ஒவ்வொண்ணா லேபிள் போட்டு வந்தோம், ரெண்டு வாரம் ஆச்சு. ஓடறப்ப 38002ங்கற எரர் வந்துச்சுன்னா, லேபிள்ல சொன்னதுக்கு மீறி உள்ள எங்கயோ டேபிள்ல எழுதப் போகுதுன்னு அர்த்தம், தப்பை அங்க தேடுங்க.

டிபி2 11.5 வெர்ஷன் கம்யூனிட்டி எடிஷன் இலவசம்தான், 4 பிராசசர் கோர், 16 ஜிபி மெமரி வரைக்கும். கட்டிங், செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து நாங்க பாக்கற அளவு கம்பெனிக்கு அது தாராளமாப் போதும், காசு புழங்கற கணக்குன்னா தைரியமா எடுங்க.