யூ.கே.ல ஃபேஷன் மார்க்கெட்டிங் மாஸ்டர்ஸ்: படிச்சு சில வருஷம் கழிச்சு

யூ.கே.ல ஃபேஷன் மார்க்கெட்டிங் பண்ணலாமான்னு தெரிஞ்சவங்க பசங்க கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதிடலாம்னு. நான் படிச்சது மான்செஸ்டர்ல, யுனிவர்சிட்டி பேரு வேணாம். இப்போ திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களப் பேசி முடிச்சு அனுப்பி வைக்கற வேலை.

இது டிசைன் படிப்பு இல்லீங்க. ஸ்கெட்ச், பேட்டர்ன், தையல் எதுவும் கிடையாது. ஒரு வருஷ கோர்ஸ், 180 கிரெடிட், அதுல 60 டிஸர்டேஷனுக்கே (ஆய்வுக் கட்டுரை) போயிடும், சம்மர் முழுக்க அதுலயே கெடக்கணும். குளிர் பழகறதுக்குள்ள மொத செமஸ்டர் ஓடிடும். பிராண்டிங் கிளாஸ்ல நடத்துனது பாதி இப்போ ஞாபகமே இல்ல. க்ரூப் ப்ராஜெக்ட்ல கடைசி ராத்திரி யாராவது ஒருத்தர்தான் உக்காந்து பிபிடி முடிப்பாங்க, அது எந்த நாடு போனாலும் மாறாது போல.

உருப்படியா இன்னைக்கும் உதவறது பையிங் மாட்யூல்தான், அதாவது கடைக்காரங்க சரக்கு வாங்கற கணக்கச் சொல்லித் தர்ற பேப்பர். கடையில 30 பவுண்டுன்னு டேக் போட்ட சட்டைல 20% வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி வரி) உள்ளயே இருக்கு, அதாவது 5 பவுண்ட் கவர்மெண்டுக்கு, கடைக்காரன் கணக்கு 25ல இருந்துதான் ஆரம்பிக்கும். நம்ம சரக்கு அவன் கைக்குப் போய்ச் சேர 8 பவுண்ட் ஆச்சுன்னா மார்ஜின், அதாவது 25ல மிச்சம் நிக்கற 17, 68%. கேக்க கொள்ளை லாபம் மாதிரி இருக்கும், ஆனா வாடகை, சம்பளம், விக்காம சேல்ல தள்ற சரக்கு எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும். சின்னப் பசங்க டிரஸ்ஸுக்கு அங்க வாட் கிடையாது, அதனால கிட்ஸ் ஆர்டர்ல கணக்கே வேற.

இது புரிஞ்சதுக்கப்புறம் பையர் (கடைக்காகச் சரக்கு வாங்கறவங்க) 20 பென்ஸ் கொறைங்கன்னா நான் நூல் விலை ஏறிடுச்சுன்னு பொலம்பறதில்ல, ஏன்னா அவங்க பிரச்சனை நூலே இல்ல, அவங்க ஷீட்ல மார்ஜின் டார்கெட் இடிக்குது. ஜிஎஸ்எம் (துணியோட கனம்) கொஞ்சம் எறக்கலாமா, பிரிண்ட்ல ஒரு கலர் கொறைக்கலாமா, ரெண்டு ஸ்டைலுக்கும் ஒரே துணி போட்டு சாயத்துக்குச் சேத்து அனுப்பலாமான்னு நானே ஆப்ஷன் குடுப்பேன். பாதி தடவ ஒத்துக்குவாங்க.

இதெல்லாம் புரிஞ்சதுக்கு ஊரும் ஒரு காரணம். பூஹூ மாதிரி ஆன்லைன்ல டிரஸ் விக்கற ஆளுங்க ஹெட் ஆபீஸ் மான்செஸ்டர்லதான், கொஞ்சமா போட்டுப் பாத்து, ஓடுனா மட்டும் ரிப்பீட் அடிக்கற அவங்க பழக்கம்தான் கிளாஸ்ல ஓயாம உதாரணமா வரும். லீட் டைம்னா (ஆர்டர் போட்டதுல இருந்து சரக்கு கைக்கு வர்ற வரைக்கும் ஆகற நாள்) அவங்க ஏன் அப்படிப் பதறாங்கன்னு அங்கதான் புரிஞ்சுது.

வேலை மேட்டருக்கு வருவோம். படிச்சு முடிச்சா அங்கயே தங்கி வேலை பாக்க கிராஜுவேட் ரூட் விசா 2 வருஷம், 2027 ஜனவரில இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். அதுக்கப்புறம் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் பண்ற கம்பெனி வேணும், சம்பளமும் ஒரு வரம்ப எட்டணும். பொதுவான சம்பள வரம்பை 2024 ஏப்ரல்ல 26,200 பவுண்ட்ல இருந்து 38,700க்குத் தூக்கிட்டாங்க, அப்புறம் இன்னும் ஏத்திட்டாங்க. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குக் கொஞ்சம் கம்மிதான், இருந்தாலும் அசிஸ்டன்ட் லெவல் சம்பளம் அதை எட்டறது கஷ்டம். அங்கயே செட்டில் ஆகத்தான் போறேன்னா இந்த கோர்ஸ நம்பிக் கடன் வாங்காதீங்க.

வீட்ல கார்மெண்ட் தொழில் இருந்தாலோ, ரெண்டு வருஷம் ஃபேக்டரில வேலை பாத்திருந்தாலோ தாராளமா போங்க. காலேஜ் முடிச்ச சூட்டோட போறவங்களுக்கு நம்ம ஊர் நிஃப்ட்ல (மத்திய அரசோட ஃபேஷன் காலேஜ்) 2 வருஷ எம்எஃப்எம் (ஃபேஷன் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ்) போதும்னு நெனைக்கறேன், எந்த டிகிரி முடிச்சவங்களும் அப்ளை பண்ணலாம், செலவும் கம்மி. யூ.கே.தான்னு முடிவு பண்ணிட்டா பீஸ் கட்றதுக்கு முன்னாடி மாட்யூல் லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க, பையிங், மெர்ச்சண்டைசிங்னு கணக்கு போடற பேப்பர் இல்லாம வெறும் பிராண்டிங், சோஷியல் மீடியான்னு மட்டும் இருந்தா அந்த யுனிவர்சிட்டிய விட்டுட்டு அடுத்தத பாருங்க.