கருத்தரிக்க இயற்கை வழிகள்: எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்?

குழந்தைக்காக முயற்சி செய்யும் தம்பதிக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. நாள் பார்க்கச் சொல்வார் ஒருவர், எடையைக் குறைக்கச் சொல்வார் இன்னொருவர். மாத்திரை, மூலிகை, அக்குபங்சர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாமே ‘இயற்கை வழி’ என்ற ஒரே பெயரில் வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செலவே இல்லாத வழிகள்தான் இதில் முன்னால் நிற்கின்றன. சத்தமாக விற்கப்படுபவை பெரும்பாலும் பின்னால் நிற்கின்றன.

ஒப்பிடும் முன்பு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு 40 வயதுக்குள் இருந்து, கருத்தடை இல்லாமல் சீரான உறவும் இருந்தால், 100 தம்பதிகளில் 80-க்கும் மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வருடத்தில் தங்குகிறது. அதாவது, எதுவுமே செய்யாமல் இருந்தாலும் வரக்கூடிய பலன் இது. இந்த ஒரு வருடத்தில் ஒருவர் எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும் பெயர் கஷாயத்துக்குத்தான் போகும். ‘நான் சாப்பிட்டேன், நாலே மாதத்தில் தங்கிவிட்டது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சாப்பிட்டதால் தங்கியது என்பதற்குச் சாட்சி ஆகாது. சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுதான் சாட்சி.

நாள் பார்ப்பதில் எந்த முறை?

சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கணக்கு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 221 பெண்களிடம் நடந்து 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கரு தங்கக்கூடிய நாட்கள் மாதத்துக்கு ஆறுதான் என்று காட்டியது: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். ஐந்து நாள் முன்பு உறவு இருந்தால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், நெருங்க நெருங்க 33 சதவீதம் வரை. முட்டை வந்த மறுநாள் கதவு மூடிவிடுகிறது. ஆக, விந்தணுதான் முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும்.

அந்த ஆறு நாட்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் முறைகள் போட்டி போடுகின்றன.

காலண்டர் கணக்கு எளிது, ஆனால் நம்பகம் குறைவு. ‘14-ஆம் நாள்’ என்று எல்லோரும் சொல்வது 28 நாள் சுழற்சி இருப்பவர்களுக்கு, அதிலும் தோராயமாக. முட்டை வெளிவரும் நாளை அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய 14 நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். 32 நாள் சுழற்சியில் அது 18-ஆம் நாள் வாக்கில் வரும், 24 நாள் சுழற்சியில் 10-ஆம் நாளிலேயே வந்துவிடும். அதே ஆய்வுக் குழு 2000-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையின்படி, பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாளுக்குள் இந்த ஆறு நாட்களும் முழுதாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டும். மொபைல் செயலிகளில் பலவும் இதே காலண்டர் கணக்கைத்தான் போடுகின்றன. தேதிகளை மட்டும் கொடுத்தால் செயலியாலும் ஊகிக்கத்தான் முடியும்.

காலையில் எழுந்தவுடன் உடல் வெப்பம் பார்க்கும் முறை இன்னொன்று. முட்டை வெளிவந்த பிறகு வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி அப்படியே நிற்கும். முட்டை வெளிவந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ள இது நல்ல வழி. ஆனால் வெப்பம் ஏறும்போது வாய்ப்புள்ள நாட்கள் முடிந்துவிட்டன. இந்த மாதத்துக்கு உதவாது. தூக்கம் கெட்டாலும் காய்ச்சல் வந்தாலும் கணக்கு குழம்பிவிடும். தினமும் தெர்மாமீட்டரோடு கண் விழிப்பது பலருக்குப் பெரிய மன அழுத்தமாகவும் ஆகிவிடுகிறது. இதைத் தொடரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வெள்ளைப்படுதலைக் கவனிப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். முட்டை வருவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அது தெளிவாக, வழவழப்பாக, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல இழுத்தால் நீளும்படி மாறுகிறது. விந்தணு நீந்திப் போக உடம்பே போட்டுக்கொடுக்கும் பாதை அது. முன்கூட்டியே தெரிகிறது, காசு இல்லை, கருவி இல்லை. ஓரிரு மாதம் கவனித்தால் பழகிவிடும். நோய்த்தொற்று இருந்தால் மட்டும் குழப்பும். அரிப்பு, துர்நாற்றம் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

முட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் ஓவுலேஷன் கிட் முட்டை வெளிவருவதற்குச் சுமார் 24 முதல் 36 மணி நேரம் முன்பு சொல்லிவிடும். இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வு, கிட் இல்லாமல் 18 சதவீதமாக இருக்கும் வாய்ப்பு, கிட் பார்த்து உறவு கொண்டால் 20-லிருந்து 28 சதவீதத்துக்குள் வரும் என்று கணித்தது. 40 வயதுக்குள் இருந்து, முயற்சி தொடங்கி ஒரு வருடம் ஆகாதவர்களுக்கான கணக்கு இது. ஆனால் பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முட்டை சீராக வெளிவராத சினைப்பைப் பிரச்சினை) இருப்பவர்களுக்கு எல்ஹெச் எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். முட்டை வராமலே கிட் ‘பாசிட்டிவ்’ காட்டும். அவர்கள் இதை நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது.

எதையுமே பார்க்காமல் இருப்பதும் ஒரு முறைதான். மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தால் போதும் என்பது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் பரிந்துரை. விந்தணு 5 நாள் வரை தாங்கும் என்பதால் எந்த நாளில் முட்டை வந்தாலும் உள்ளே ஆள் தயாராக இருக்கும். இருவரும் சேர்ந்து இருக்கும் தம்பதிக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. வேலை காரணமாகப் பிரிந்து பிரிந்து இருப்பவர்களும், நேரம் கிடைக்காதவர்களும் வெள்ளைப்படுதலையும் கிட்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

‘சேர்த்து வைத்தால் வீரியம் கூடும்’ என்று நாள் கணக்கில் உறவைத் தவிர்ப்பது வீண். 5 நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் விந்தணுவின் தரம் குறையக்கூடும். உறவுக்குப் பின் காலை உயர்த்திப் படுத்திருப்பதற்கும் ஆதாரம் இல்லை. விந்தணு சில நிமிடங்களிலேயே மேலே போய்விடும். கவனிக்க வேண்டியது வேறொன்று: உறவின்போது பயன்படுத்தும் ஜெல் பலவும், எச்சிலும்கூட, விந்தணுவின் வேகத்தைக் குறைக்கின்றன.

புகை, எடை, உணவு

இவற்றில் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால் புகையை நிறுத்துங்கள். இதற்கு ஈடான மாற்றம் வேறு இல்லை. புகைக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் ஒன்றிலிருந்து நாலு வருடம் வரை முன்னதாகவே நின்றுபோகிறது. அந்த அளவுக்கு முட்டைச் சேமிப்பு கரைகிறது. ஆணுக்கு விந்தணுவின் எண்ணிக்கை, வேகம், வடிவம் எல்லாமே அடி வாங்குகின்றன. கணவர் மட்டும் புகைத்தாலும் அந்தப் புகை மனைவிக்கும் போகிறது.

எடை விஷயத்தில் நிதானம் தேவை. பிசிஓஎஸ் இருந்து, எடையும் கூடி, பீரியட்ஸ் தாறுமாறாக வருபவர்களுக்கு 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே முட்டை மறுபடி வரத் தொடங்குவது உண்டு. ஆனால் ‘முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா’ என்று எல்லோரையும் திருப்பி அனுப்புவது நியாயம் இல்லை. நெதர்லாந்தில் 577 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு இயற்கையாகவே கரு தங்கியது. நேரடியாகச் சிகிச்சைக்குப் போனவர்களில் அது 16 சதவீதம். ஆனால் இரண்டு வருட முடிவில் ஆரோக்கியமான பிரசவங்களைக் கணக்கெடுத்தபோது முதல் குழு முந்தவில்லை. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வயது கைகொடுக்கும்போது எடை குறைப்பு நல்ல முதலீடு. 37, 38 வயதில் பீரியட்ஸும் சீராக இருப்பவர் எடைக்காக ஒரு வருடத்தைக் கொடுத்தால், அந்த ஒரு வருடத்தில் இழக்கும் வாய்ப்பு எடையால் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு. மிக மெலிந்து, கடுமையாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு முட்டை வருவது நின்றுவிடும். அவர்கள் எடையைக் கூட்ட வேண்டும்.

உணவில் ‘கருத்தரிக்க வைக்கும் பழம்’ என்று எதுவும் இல்லை. அமெரிக்க செவிலியர்கள் 17,544 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியான ஆய்வில், முழு தானியம், தாவரப் புரதம், நல்ல கொழுப்பு ஆகியவற்றை ஒட்டிய உணவுமுறை இருந்தவர்களுக்கு முட்டை வராத பிரச்சினை குறைவாக இருந்தது. உணவால்தான் அப்படி என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அப்படிச் சாப்பிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. காபியை நாளுக்கு காஃபீன் 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளலாம், அதாவது ஒன்றிரண்டு கப். மதுவைப் பெண் விட்டுவிடுவதே நல்லது. கர்ப்பம் தெரியவரும் முன்பே சில வாரங்கள் ஓடிவிடுகின்றன.

மாத்திரை, மூலிகை, ஊசி

தினமும் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் என்பது மட்டும் தனி. முயற்சி தொடங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இது கரு தங்குவதற்கான மருந்து அல்ல, தங்கிய கருவைக் காப்பதற்கு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவாகி நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாத குறையோடு முன்பு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்து 1991-இல் வெளிவந்த ஆய்வில், ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு மறுபடி அது வருவது 72 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோயோ வலிப்பு மருந்தோ இருந்தால் அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆண்களுக்கு விற்கும் ‘விந்தணு பெருக்கி’ மாத்திரைகளின் கதை வேறு. அவற்றில் அடிக்கடி இருப்பவை துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, போலி மாத்திரை எடுத்தவர்களில் 35 சதவீதத்தினருக்கு. வயிற்றுத் தொந்தரவு மட்டும் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூடுதல்.

தோலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் அக்குபங்சரும் சோதிக்கப்பட்டது. சீனாவில் பிசிஓஎஸ் உள்ள 1,000 பெண்களிடம் நடந்து 2017-இல் வந்த ஆய்வில் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் குழந்தைப் பிறப்பில் வித்தியாசமே இல்லை. அதே ஆய்வில் முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் என்ற பழைய, சாதாரண மாத்திரை பிறப்பு விகிதத்தைச் சுமார் 15-லிருந்து 29 சதவீதமாக உயர்த்தியது. மன அமைதிக்காக ஊசி போட்டுக்கொள்பவரைத் தடுக்க மாட்டேன். அந்த மாத்திரைக்குப் பதிலாக ஊசி என்று முடிவெடுப்பவரைக் கண்டிப்பாகத் தடுப்பேன்.

மூலிகைகளில் எனக்கு உள்ள பயம், எந்த அளவு உள்ளே போகிறது என்று தெரியாததுதான். சில தயாரிப்புகளில் ஈயம் போன்ற உலோகங்கள் இருந்திருக்கின்றன, சில கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. கரு தங்கிய முதல் வாரங்களிலும் பெண் அதையே குடித்துக்கொண்டிருப்பாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆண் பக்கம்

கரு தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. அப்படியிருந்தும் மருந்து, விரதம், பரிசோதனை எல்லாம் பெண்ணின் தலையில்தான் முதலில் விழுகிறது. ‘டென்ஷன் இல்லாமல் இரு, தானாகத் தங்கும்’ என்ற அறிவுரையும் அவளுக்குத்தான். அது பழியை அவள் மனதின் மேல் போடுகிறது என்பதால் எனக்கு அது அறவே பிடிக்காது.

விந்தணு உருவாகி வெளிவரச் சுமார் மூன்று மாதம் ஆகும். இன்று செய்யும் மாற்றத்தின் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க முடியும். ஒரு மாதத்தில் பலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. விதைப்பைக்கு உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பம் வேண்டும். சுடுநீர்த் தொட்டி, நீராவிக் குளியல், மடியில் லேப்டாப் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு: உடற்கட்டுக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ‘ஆண் ஹார்மோன்தானே, நல்லதுதானே’ என்று நினைத்துப் போடுபவர்களுக்கு எண்ணிக்கை பூஜ்யம் வரை போகும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் மாதங்கள் ஆகும்.

எப்போது மருத்துவரிடம்?

அடைபட்ட கருக்குழாயை எந்த உணவும் திறக்காது. முயன்றும் தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க ஒரு கெடு உண்டு: பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35 தாண்டினால் ஆறு மாதம், 40 என்றால் உடனே. பீரியட்ஸ் சீரில்லாதவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) அல்லது அடிவயிற்றில் தொற்று வந்தவர்கள், விதைப்பை அறுவை சிகிச்சை நடந்த ஆண்கள், புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்கள் யாரும் இந்தக் கெடுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெண்ணுக்கு அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு முட்டை வந்த பின் கூடும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தால் முட்டை வந்ததா என்று தெரியும். தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் அதற்கு அடுத்தது.

இருவரில் முதலில் செய்யவேண்டியதும் சுலபமானதும் விந்துப் பரிசோதனைதான். 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் அதோடு முடிவு கட்டிவிடாமல், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள்.