ஆழமான சிங்க், உயரமான சுவர்க் குழாய்: எதை மாற்றுவது?

அமெரிக்காவில் பழைய வீட்டின் சமையலறை சிங்கை மாற்றும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய சிங்க் ஏழெட்டு அங்குல ஆழம்தான் இருக்கும். இட்லிக் குண்டானும் குக்கரும் வசதியாகக் கழுவலாம் என்று நாம் வாங்கிவருவது பத்து அங்குலம். சுவருக்குள் போகும் கழிவுநீர்க் குழாயோ பழைய உயரத்திலேயே நிற்கும். எங்கள் வீட்டில் அது தரையிலிருந்து 19 அங்குலம்.

மேடை 36 அங்குலம். கல்லின் தடிமனையும் சிங்கின் ஆழத்தையும் கழித்தால், சிங்கின் அடிப்பகுதி 25-க்குச் சற்றுக் கீழே வரும். அதில் தொங்கும் டிஸ்போசரின் (உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் விடும் இயந்திரம்) வெளிவாய் இன்னும் ஆறேழு அங்குலம் இறங்கி 18-இல் நிற்கும். அதாவது, சுவர்க் குழாயைவிடத் தாழ்வு. சிங்குக்குக் கீழே சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாயான பி-ட்ராப்பில் தண்ணீர் சுவர்க் குழாயின் மட்டம் வரை எப்போதும் நிற்கும் என்பதால், டிஸ்போசருக்குள்ளும் அழுக்குத் தண்ணீர் தேங்கி நாற்றமெடுக்கும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது வளைத்து மாட்டும் மடிப்புக் குழாய். விலை மலிவு, பத்து நிமிட வேலை. தயவுசெய்து வேண்டாம். மட்ட வித்தியாசத்தை அது சரிசெய்யாது. போதாததற்கு அதன் மடிப்புகளில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஒட்டிக்கொண்டு அடைக்கும். குழாயின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது பிளம்பிங் விதியும்கூட.

டிஸ்போசரையே விட்டுவிடுவது அடுத்த வழி. சாதாரண வடிகட்டி மட்டும் போட்டால் உயரம் மிச்சமாகும். 19 அங்குலக் குழாயே போதும். நம் சமையலுக்கு இது பொருத்தமான யோசனை என்றே நினைக்கிறேன். முருங்கைச் சக்கை, வாழைப்பூ நார், தேங்காய் நார் எல்லாம் டிஸ்போசரில் சுற்றிக்கொள்ளும். சோறு குழாய்க்குள் ஊறிப் பசையாகும்.

டிஸ்போசரும் வேண்டும், ஆழமும் வேண்டும் என்றால் சுவரைத் திறந்து குழாயை இறக்குவதுதான் முறையான தீர்வு. பார்க்கப் பெரிய வேலையாகத் தெரிந்தாலும், சுவருக்குள் பிவிசி குழாய் நேராகக் கீழே போகும் வீடுகளில் பயப்பட ஒன்றுமில்லை. பழைய டீ இணைப்பை (T வடிவ மூவழி இணைப்பு) வெட்டி எடுத்து, அந்த இடத்தை நேர்க் குழாயால் இணைத்து, கீழே புது டீ வைப்பார்கள். மேலே போகும் காற்றுக் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. வெட்டிய இடம் அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடும். பெயின்ட் அடிக்கும் வேலையும் இல்லை. நாங்கள் 15 அங்குலத்துக்கு இறக்கினோம். ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் துண்டு அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அந்த உயரம். வேலைக்கு முன் ஊரில் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவருக்குள் துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் இருந்தால் கதை வேறு. ஓரிடத்தில் கை வைத்தால் அடுத்த இணைப்பும் கசியத் தொடங்கலாம். செலவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வீட்டிலும் வாடகை வீட்டிலும் நான் எட்டு அங்குல சிங்கைத்தான் வாங்குவேன். அதிலும் டிஸ்போசர் வாய் 20-க்குப் பக்கத்தில்தான் வரும். அதனால் சிங்கும் டிஸ்போசரும் வாங்குவதற்கு முன்பே, தரையிலிருந்து சுவர்க் குழாயின் நடுப்பகுதி வரை அளந்து எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.